பழைய கேமராவுக்கு ஓர் ஒளிக்கூடாரம்

நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் பீரோக்களில், தோலுறைக்குள் ஒரு ஃபிலிம் கேமரா உறங்கிக்கொண்டிருக்கிறது. அது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 ஆக இருக்கலாம். ஜப்பானின் யாஷிகாவாகவோ ஜெர்மனியின் ரோலிஃப்ளெக்ஸாகவோ இருக்கலாம். குருகிராமில் இயங்கும் மியூசியோ கேமரா அருங்காட்சியகம் இத்தகைய கருவிகளைத் தேடிக் காத்துவருகிறது. நம் வீட்டுக் கேமராவை விற்பதானாலும், உடைமைப் பட்டியலில் பதிந்து வைப்பதானாலும் முதலில் வேண்டுவது, அதன் உண்மை நிலையைக் காட்டும் தெளிவான படம்.

அந்தப் படம் எளிதில் அமைவதில்லை. கைபேசியின் ஃபிளாஷ் பட்டதும் குரோம் பூச்சு கண்ணைக் கூசுகிறது. கருந்தோல் வெறும் இருளாகிறது. லென்ஸில் நம் முகமே தெரிகிறது. பளபளக்கும் உலோகம் தன்னைச் சூழ்ந்திருப்பதையே பிரதிபலிக்கும். ஆகவே, அதைச் சுற்றிலும் வெண்மையை அமைப்பதே வழி. ஒளிக்கூடாரத்தின் தத்துவம் இதுதான்.

ஒரு முழ அளவுள்ள அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். இருபக்கங்களிலும் மேற்புறத்திலும், ஓரங்களை மட்டும் விட்டுச் சன்னல்போல் வெட்டி, ட்ரேசிங் தாளையோ வெள்ளை மல் துணியையோ ஒட்டுவோம். உள்ளே வெள்ளைச் சார்ட் தாளைப் பின்சுவரிலிருந்து தரைவரை மடிப்பு விழாமல் வளைத்து விட்டால், பின்னணியில் கோடு தெரியாது. இருபுறமும் ஒரே வாட், ஒரே நிறமுள்ள எல்.இ.டி. விளக்குகளைப் பெட்டிக்கு வெளியே வைப்போம். சூடேறும் குண்டு பல்புகளைத் தாளருகே வைத்தல் ஆகாது.

கூடாரத்தில் வைக்குமுன் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். 35 மி.மீ. கேமராவில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பினால் தடை தெரிகிறதா? அக்ஃபா கிளிக் போன்றவற்றில் பின்புறச் சிவப்புச் சாளரத்தில் எண் தெரிகிறதா? அப்படியானால் உள்ளே ஃபிலிம் இருக்கலாம். கேமராவைத் திறந்தால், யாரும் கண்டிராத குடும்பப் படங்கள் வெளிச்சம் பட்டு அழிந்துபோகும். திறக்காமலே நல்லதொரு ஃபிலிம் கழுவும் நிலையத்திடம் ஒப்படைப்பது நலம்.

படமெடுக்கும் கருவியை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 11 என அமைத்து, 2 நொடி டைமரால் இயக்கினால் அசைவு இராது. வெண்மை மிகுந்த காட்சியை மீட்டர் சாம்பலாக்க முயலும். ஆகவே எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுவோம். கைபேசியாயின், சற்று விலகி நின்று இருமடங்கு ஜூமில் எடுத்தால் உருவம் கோணாது. எங்கும் வெண்மையே சூழ்ந்தால் குரோமின் விளிம்புகள் கரைந்துபோகும். படச்சட்டத்துக்கு வெளியே இருபுறமும் கருப்பு அட்டைத் துண்டுகளை நிறுத்தினால் விளிம்பு கூர்மையாகத் தோன்றும். நடுவில் துளையிட்ட வெள்ளை அட்டையின் வழியே படமெடுத்தால், லென்ஸில் நம் உருவம் பெருமளவு மறையும்.

கூடார ஒளி கேமராவை அழகாக்கும். ஆனால் கீறலையும் பள்ளத்தையும் மறைத்தும்விடும். எனவே ஒரு விளக்கை அணைத்து, மற்றொன்றைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து மேலும் ஒரு படம் எடுப்போம். கேமராவில் ஃபிலிம் இல்லையெனில், பின்மூடியைத் திறந்து, ஷட்டரைப் 'பி' நிலையில் திறந்து பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் லென்ஸில் படர்ந்த பூஞ்சை தெரியும். அதையும் பதிவு செய்வோம். வாங்குபவர் குறையை முன்னரே அறிந்தால், பின்னர் பிணக்கு எழாது.

இறுதியாக, வரிசை எண்ணை அண்மைக் காட்சியாக எடுத்து, வாங்கியவர் பெயரும் ஆண்டும் தெரிந்தால் அவற்றையும் குறித்து, படங்களுடன் சேர்த்துச் சேமிப்போம். கேமரா கைமாறினாலும் அந்தக் குறிப்பு வீட்டில் இருக்கும்.