மழலையர் பள்ளியில் நம் குழந்தை

பிறந்த ஊரை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில், குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியதும் ஒரு கவலை பிறக்கிறது: எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கட்டடத்தைப் பார்க்கிறோம், கட்டணத்தைக் கேட்கிறோம். வகுப்புகளை எவ்வாறு அமைத்திருக்கிறார்கள், குழந்தையின் அருகில் இருப்பவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. நானும் கேட்கவில்லை.

என் மகள் சேர்ந்த பள்ளியில் வயதுவாரியாக வகுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. மூன்று வயதினர் நாற்பது பேருக்கு ஆசிரியை ஒருவரே. வீட்டில் ஓயாது பேசும் குழந்தை அங்கே மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. தாகம் என்று சொல்லவும் அவளிடம் அவ்வூர் மொழி இல்லை. "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள்" என்பதே ஆசிரியை கூறிய பரிகாரம். நாங்கள் பள்ளியை மாற்றினோம்.

புதிய பள்ளியில் மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருந்தனர். அங்கே ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு இவள் தண்ணீர்ப் பானையையும் விளையாட்டுப் பொருள்களையும் அறிந்தாள். இரண்டாவது வாரமே குரல் எழுந்தது. முதலில் தமிழில், பின்னர் அவ்வூர் மொழியில்.

இம்முறை புதிதன்று. 1907-இல் ரோம் நகரில் மான்டிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பல வயதினரும் கூடியே பயின்றனர். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லித்தரும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையிடமும் இருந்ததன்றோ? வயதுவாரி வகுப்பில் பாடம் நடத்துவது ஆசிரியைக்கு எளிது. ஆயினும் மொழி தெரியாத சிறு குழந்தைக்கு அங்கே மூத்த துணை கிட்டுவதில்லை.

அடுத்து, பணியாளர். 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருபது பேருக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்த வயதினராயின் பத்துப் பேருக்கு ஒருவர். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் உள்ளனர். உதவியாளரை, ஆயாவை, நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். கண்ணீரைத் துடைப்பதும், உணவூட்டுவதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் அவரே. என் மகளின் ஆயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் 'தண்ணி', 'பசி', 'அம்மா' ஆகிய மூன்று சொற்களை எங்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அம்மூன்று சொற்கள் செய்த உதவி பெரிது.

ஆகவே அன்பர்களே, பள்ளியில் சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஓர் அறையில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள்? மூத்த குழந்தைகளுடன் இளையோர் கலந்து பழக வழியுண்டா? மொழி தெரியாமல் அழும் குழந்தையைத் தேற்றுபவர் யார்? விடை மனநிறைவு தந்தால் சேருங்கள்.

வீட்டில் தமிழை மட்டும் நிறுத்தாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இளம் பருவத்தில் வீட்டு மொழியையே வற்புறுத்துகிறது. தாய்மொழியில் நன்கு பேசும் குழந்தை பிறமொழியையும் விரைவில் தனதாக்கிக்கொள்ளும். என் மகள் இன்று இரு மொழிகளிலும் எங்களைப் பேசவிடுவதில்லை!