பூனையின் உலர் உணவு: பொட்டலத்தில் எதைப் பார்ப்பது?

முன்னாளில் நம் வீடுகளில் பூனைக்கெனத் தனியே உணவு வாங்கியவர் யார்? எலியையும் பல்லியையும் அது தானே தேடிக்கொண்டது. மீன் கழுவும் இடத்தில் தலையும் குடலும் கிடைத்தன. குறைந்ததற்கு ஒரு பிடி பாற்சோறு. இன்றோ மாடிக் குடியிருப்பில் கதவு சாத்தி வளர்க்கப்படும் பூனைக்கு வேட்டை ஏது? கடையில் விற்கும் உலர் உணவே அதற்கு எல்லா வேளையும். மாதச் செலவில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஆதலின் அப்பொட்டலத்தை மதிப்பிடும் முறையை நாம் சிறிது ஆராய்வோம்.

பூனை ஊனுண்டே வாழவேண்டிய பிராணி. நாய் அவ்வாறன்று, சோறு கலந்த உணவிலும் அது ஒருவாறு தேறிவிடும். காரட்டிலுள்ள சத்தை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. பூனைக்கு அது இயலாது. டாரின் என்னும் பொருளையும் அது தேவையான அளவு தன்னுடலில் ஆக்கிக்கொள்வதில்லை. கேசீன் என்னும் பாற்புரதத்தையே புரதமாகக் கொண்ட உணவை உண்ட பூனைகளுக்கு, டாரின் குறைவால் விழித்திரை சிதைந்ததை 1975-இல் ஹேய்ஸும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். பாலும் சோறும் போதுமென எண்ணும் இல்லத்தரசியர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

1987-இல் வேறோர் உண்மை வெளிப்பட்டது. இதயத்தசை தளர்ந்து வீங்கிய பூனைகளை கலிபோர்னியாவிலுள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் முதலியோர் ஆராய்ந்தனர். அவை உண்டதோ ஆலைகளில் செய்து விற்கப்பட்ட உணவு! டாரின் கொடுக்கவே பல பூனைகளின் இதயம் தேறியது. அதன்பின் உற்பத்தியாளர் அதன் அளவை உயர்த்தினர். ஆகவே பொட்டலத்தில் நாம் முதலிற் தேடவேண்டிய சொல் டாரின். நாய்க்கான உணவை விலை மலிவென்று பூனைக்கு இடுவோர் இதனாலேயே தவறுகின்றனர்.

அமெரிக்காவில் ஆஃப்கோ என்னும் தீவன அலுவலர் சங்கம் வகுத்த அளவுகள் பிற நாடுகளிலும் எடுத்துக்காட்டப் பெறுகின்றன. வளர்ந்த பூனைக்குப் புரதம் குறைந்தது 26 விழுக்காடு, குட்டிக்கும் சினைப்பூனைக்கும் 30, கொழுப்பு 9, உலர் உணவில் டாரின் 0.1. இவை யாவும் நீரை நீக்கிய கணக்கு என்பதை மறவாதீர். பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதோ நீருடன் சேர்ந்த கணக்கு. உலர் உணவில் ஈரப்பதம் 10, புரதம் 30 என்றிருந்தால், 30-ஐ 90-ஆல் வகுக்க 33 விழுக்காடாகும். டப்பாவில் அடைத்த ஈர உணவில் ஈரப்பதம் 78, புரதம் 10 என்றிருக்கும். பார்வைக்கு அற்பம், ஆனால் 10-ஐ 22-ஆல் வகுத்தால் 45! எண்ணை மட்டும் கண்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது முறையன்று.

மாவுச்சத்தைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 எனில் கூட்டுத்தொகை 62. எஞ்சிய 38 ஏறத்தாழ மாவுச்சத்தாகும். உருண்டை உருண்டையாகப் பொரித்தெடுக்க மாவு ஓரளவு தேவைதான். எனினும் எலியின் உடலில் இத்தனை மாவு ஏது?

சேர்பொருட்களின் பட்டியல் எடை வரிசையில் அமைவது. சமைக்குமுன் உள்ள எடை அது. பச்சைக் கோழியிறைச்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு நீர். ஆதலின் முதலிடத்தில் கோழி நின்றாலும், உலர்ந்தபின் அடுத்து நிற்கும் சோளம் அதனை விஞ்சக்கூடும். சோளம், சோளப் பசைப்புரதம், அரிசி என்று தானியத்தைப் பிரித்தெழுதும் வழக்கமும் உண்டு. அவற்றைச் சேர்த்தே எண்ணுக.

புரத எண்ணிலும் ஒரு சூழ்ச்சி நேரலாம். டென்மார்க்கின் கெல்டால் 1883-இல் கண்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியே புரதம் கணிக்கப்படுகிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என அக்கணக்கு கேட்பதில்லை. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசைப்புரதத்தில் மெலமின் கலந்ததும், 2007-இல் அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டதும், பல பிராணிகள் சிறுநீரகம் கெட்டு மாண்டதும் இவ்வழியே நிகழ்ந்தவை.

‘முழு உணவு’ என்ற சொல் உண்டா, எவ்வயதினதற்கு என்பதையும் பாருங்கள். ‘துணை உணவு’ என்றிருப்பின் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடையில் இவ்விவரம் ஒன்றும் கிடையாது. கொழுப்புச் சிக்கெடுத்து நாறியிருந்தாலும் பூனைதான் முதலில் அறியும்.

பாலைநிலத்துப் பூனையின் வழிவந்த இப்பிராணி இயல்பாகவே நீரைக் குறைவாகக் குடிப்பது. உலர் உணவில் நீரோ பத்தில் ஒரு பங்கு. சிறப்பாக ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைபடும் நோய் வருவதுண்டு. அது விரைவில் உயிரைக் குடிக்கும். முக்கி முக்கி அமர்ந்தும் சிறுநீர் இறங்காத பூனையை அன்றே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உணவுக் கிண்ணத்தினின்று சற்று விலக்கி, அகன்ற பாத்திரத்தில் நாள்தோறும் புதுநீர் வையுங்கள். இயன்றபோது உப்பிடாமல் வேகவைத்த மீனையும் அதன் நீரோடு சேர்த்து இடலாம், முள் நீக்கியபின்.