உத்தரவுக்குக் காத்திராத வக்கீல்

1863 ஜூலை 2-ந் தேதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில், உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை இரண்டாம் நாளாக நடந்துகொண்டிருந்தது.

வடவர் அணியின் இடது கோடியில் 'லிட்டில் ரவுண்ட் டாப்' என்னும் பாறைக் குன்று. அதைக் காக்கப் படை எதுவும் இல்லை. தென்னவர் அதைப் பிடித்தால் வடவர் அணி முழுவதற்கும் ஆபத்து. இதைக் கண்ட தலைமைப் பொறியாளர் வாரன் உதவி கேட்டு ஆள் அனுப்பினார்.

செய்தி கொண்டுவந்த அதிகாரி, டிவிஷன் தளபதியைத் தேடினார். எதிர்ப்பட்டவரோ 26 வயதுக் கர்னல் ஒருவர். செய்தியைக் கேட்டறிந்த அவர், தளபதியின் உத்தரவுக்குக் காத்திராமல் தம் சொந்தப் பொறுப்பில் படையைக் குன்றுக்கு நடத்திச் சென்றார். அவர்தான் ஸ்ட்ராங் வின்சென்ட். தொழிலால் வக்கீல்!

சட்டப் பதவி வேண்டாம்

ஏரி நகரைச் சேர்ந்த வின்சென்ட், 1859-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். வக்கீல் தொழில் தொடங்கிய சில மாதங்களில், 1861 ஏப்ரலில், போர் மூண்டது. பட்டாளத்தில் சேர்ந்த கையோடு எலிசபெத்தை மணந்தார்.

1862 ஜூனில் 83-வது பென்சில்வேனியா காலாட்படையின் கர்னல் போரில் மாண்டார். அந்தப் பொறுப்பு வின்சென்டுக்கு வந்தது. பின்னர் ராணுவச் சட்ட அதிகாரி பதவி தேடி வந்தது. படித்த படிப்புக்கு ஏற்றது, உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் தாம் சேர்ந்தது போரிடவே என்று மறுத்துவிட்டார்.

குன்றின் மேல்

அவருடைய 4 ரெஜிமென்டுகளும் குன்றில் இடம் பிடித்த சில நிமிடங்களில் தென்னவர் பாய்ந்தனர். வலப்புறம் மிச்சிகன் வீரர்கள் தளர்ந்தனர். அவர்களை ஊக்கி நிறுத்த முனைந்தபோது வின்சென்ட் மீது குண்டு பாய்ந்தது. குன்று தப்பியது, அவர் தப்பவில்லை. ஜூலை 7-ல் உயிர் நீத்தார். ஜூலை 3-ந் தேதியிட்டு அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கப்பட்டது.

அப்போது எலிசபெத் கர்ப்பிணி. பிறந்த பெண் குழந்தையும் ஒரு வயது நிறையுமுன் இறந்து, தந்தையின் அருகே அடக்கமாயிற்று.

அன்று இடது கோடியைக் காத்த மெய்ன் ரெஜிமென்டின் கர்னல் சேம்பர்லைன், கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். 1914 வரை வாழ்ந்து, அந்தச் சண்டையைப் பற்றி எழுதினார், பேசினார். நாடே அவரை அறியும். அவரை அந்த இடத்தில் நிறுத்திய வக்கீலை அறிந்தவர் சிலரே.