மீன்கொத்தியின் அலகு

புத்தளம் களப்பில் மீன்கொத்தி பாயும்போது நீர் அதிகம் தெறிப்பதில்லை. கனமூலையில் வாழும் எனக்கு அது அன்றாடக் காட்சி. யப்பானியப் பொறியியலாளர் எய்ஜி நகாட்சுவுக்கோ அது ஒரு சிக்கலுக்கு விடையாயிற்று. அதிவேகப் புகையிரதம் சுரங்கத்தினுள் நுழைந்ததும், நெருக்குண்ட காற்று மறுமுனையில் வெடியோசையாய் வெளிப்பட்டு அயலவர்களை வருத்தியது. எனவே மீன்கொத்தியின் அலகு போன்ற 15 மீற்றர் நீள மூக்குடன் '500' வரிசை 1997 இல் ஓடத் தொடங்கியது. வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர். சிறுவர் முதல் முதியோர் வரை அதன்மீது காதல் கொண்டனர்.

ஆயினும் 2007 இல் 'என் 700' வந்தது. 2010 பெப்ரவரியில் பழையவள் 'நொசோமி' என்னும் கடுகதிச் சேவையிலிருந்து முற்றாக விலகினாள். காரணம் என்ன? நீண்ட மூக்கு முன்பெட்டியின் இருக்கைகளையும் ஒரு வாசலையும் விழுங்கியது. உருண்டை உடல் சன்னலோரப் பயணியை நெருக்கியது. இருக்கை ஒழுங்கு வேறுபட்டதால், அவசரத்துக்கு மற்றொரு வரிசை வண்டியை மாற்றிவிடுவதும் கடினமாயிற்று. புதியவளோ 1 பாகை சாய்ந்து, 2,500 மீற்றர் ஆரையுள்ள வளைவுகளையும் 270 கிலோமீற்றர் வேகத்திற் கடந்தாள்.

அப்படியானால் அழகு தோற்றதா? இல்லை என்பேன். 2008 டிசம்பரில் '500' எட்டுப் பெட்டிகளாகச் சுருக்கப்பட்டு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் 'கொடமா' சேவைக்கு வந்தது. சிறு நிலையத்தில் நிற்காத கடுகதி, எவ்வளவு அழகாயினும் அவ்வூராருக்கு வெறும் காட்சியே. நின்ற பின்னரே அது அவர்களுடைய வண்டியாயிற்று.