பாட்டிக்குக் கப்பலில் எந்த அறை?

காலை நிகழ்ச்சியில் விடுமுறை என்று பேச்செடுத்தாலே இப்போதெல்லாம் கப்பல் வந்துவிடுகிறது. "கேமரன் மலைக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது, இந்த வருஷம் குடும்பத்தோடு கப்பலில் போகிறோம்" என்று நேயர்கள் உற்சாகமாகச் சொல்கிறார்கள். அடுத்து வரும் கேள்விகளும் எனக்கு மனப்பாடம். பால்கனி உள்ள அறை எடுக்கலாமா? சன்னல் இல்லாத அறை எவ்வளவு மலிவு? சாப்பாட்டில் சைவம் கிடைக்குமா?

"அறை கப்பலின் எந்தப் பக்கத்தில் இருக்கும்?" என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடலில் இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்குவதா, வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் இந்த வேலை என் தலையில் விழுந்ததால் ஒரு மாதமாகக் கப்பல் வரைபடங்களோடுதான் குடித்தனம்.

பயணம் போகிறவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரந்தாவ் பக்கம் லின்சம் தோட்டத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் மரம் சீவிய என் பாட்டி, எண்பதைத் தாண்டியவர். முழங்கால் வலியோடு படியேறத் திணறும் அம்மா. பேருந்து மலையில் வளைந்தாலே வாந்தியெடுக்கும் அண்ணன் மகன், வயது ஒன்பது. அப்புறம் அண்ணன், அண்ணி, நான். இந்த ஆறு பேருக்கும் ஒரே மாதிரி அறை சரிப்படுமா?

பாட்டிக்குக் கப்பல் புதிதல்ல. ஒன்பது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர். எஸ்.எஸ். ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. நம் தோட்டங்களில் பாதிப் பேரின் குடும்பக் கதை அதில்தான் தொடங்குகிறது. தொடக்க காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறை என்பது கொஞ்சப் பேருக்குத்தான். மற்றவர்கள் பாயையும் டிரங்குப் பெட்டியையும் வைத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் படுத்தார்கள்.

அந்தக் கிடைத்த இடத்திலும் ஒரு தேர்வு இருந்திருக்கிறது. பாட்டி சொல்கிறார்: "முதல் நாள் நாங்க கப்பலோட முன்பக்கம் பாய் போட்டோம் கண்ணு. காத்து நல்லா வந்துச்சு. ராத்திரி ஆனதும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஏற்கெனவே ரெண்டு தடவை வந்துபோன ஒரு பெரியவரு, நடுவுக்கு வந்துருங்கன்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு. எங்கப்பா பெட்டியைத் தூக்கிட்டு நடுவுக்கு மாத்திட்டாரு. அதுக்கப்புறந்தான் கஞ்சி வயித்துல தங்குச்சு."

இன்றைய கப்பல் நிறுவனங்களின் வழிகாட்டிகள் சொல்வதும் இதுதான்: நடுவுக்கு வந்துவிடுங்கள்.

காரணம் தோட்டத்து ஆட்களுக்குச் சுலபமாகப் புரியும். காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நடந்திருக்கிறீர்களா? நடக்க நடக்க இரண்டு முனையும் மேலும் கீழும் துள்ளும். தோளில் இருக்கும் இடம் மட்டும் அவ்வளவாக அசையாது. அலையில் போகும் கப்பலும் அப்படித்தான். முகப்பு எழும்பும்போது பின்புறம் இறங்கும், பின்புறம் எழும்பும்போது முகப்பு இறங்கும். கப்பலின் நடு, அல்லது நடுவிலிருந்து சற்றே பின்தள்ளிய இடம்தான் அதன் தோள்.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். 2016-ல் ஜெர்மனியில் கட்டப்பட்ட கெந்திங் டிரீம் ஏறக்குறைய 335 மீட்டர் நீளம். மூன்று காற்பந்துத் திடலை வரிசையாக வைத்தாற்போல. ரஜூலாவின் நீளம் இதில் பாதிகூட இல்லை. இவ்வளவு நீளமான கப்பலின் முகப்பு ஒரே ஒரு பாகை எழும்பினால், நடுவிலிருந்து 130 மீட்டர் தள்ளி முன்னால் இருக்கும் அறை இரண்டு மீட்டருக்கு மேல் உயரும். ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம். அப்புறம் அதே அளவு கீழே இறங்கும். நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்கும் அறையோ அதே அலையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஏறி இறங்கும். கப்பல் ஒன்று, கடல் ஒன்று, கட்டணம்கூடப் பல சமயம் ஒன்றுதான்.

அடுத்தது உயரம். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தாடுவதும் உண்டு. தென்னை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் அசைவதே தெரியாது, மட்டை மட்டும் ஊஞ்சலாடும். கப்பல் இரண்டு பாகை சாய்ந்தால், சாயும் அச்சிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருப்பவர் ஒரு மீட்டர் தூரம் பக்கவாட்டில் போய் வருகிறார். ஆறு மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அது ஒரு சாண்கூட வராது. பெரிய கப்பல்களின் விலை உயர்ந்த சொகுசு அறைகள் பலவும் உச்சித் தளங்களில், சில சமயம் முகப்பிலேயே இருக்கின்றன. காசையும் கொடுத்து ஆட்டத்தையும் வாங்குகிறோம். காட்சி அருமைதான், மறுக்கவில்லை.

இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத்தான் கப்பலின் இரு புறமும் தண்ணீருக்கடியில் மீன் செதில் போன்ற துடுப்புகள் வைக்கிறார்கள். பெரிய பயணிகள் கப்பல்களில் இவை பரவலானது 1950-களிலிருந்துதான். கப்பல் ஓடும்போது இவை சாய்வை நன்றாகவே அடக்கிவிடும். ஆனால் முகப்பு எழும்பி இறங்கும் ஆட்டத்துக்கு இவை பெரிதாக உதவாது. "இப்போதைய கப்பலெல்லாம் ஆடவே ஆடாது" என்று முகவர் சொன்னால் பாதிதான் உண்மை.

எந்தக் கடல், எந்த மாதம் என்பதும் முக்கியம். நெகிரி செம்பிலானுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன். அங்கே மணலில் உட்கார்ந்து பார்க்கும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. ஒரு பக்கம் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா, நடுவில் பெரிய அலை எழும்ப இடமில்லை. கிள்ளானிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போகும் பயணத்தில் அறை எங்கே இருந்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. திடீர்ப் புயல்மழை வந்தால் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். வடக்கே பூக்கெட் போனால் கதை வேறு. அங்கே அந்தமான் கடல் திறந்து கிடக்கிறது. ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வரும். வியட்நாம் பக்கம் தென்சீனக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. நம் ஆண்டிறுதி விடுமுறைப் பயணங்கள் சரியாக அந்த மாதங்களில்தான் வருகின்றன. அந்த வழியில், அந்த மாதத்தில் போகிறீர்கள் என்றால் நடு அறைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

இனி, யாருக்குக் குமட்டும்? நாம் நினைப்பதற்கு நேர்மாறு. வீட்டில் எல்லோரும் பாட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். ஆனால் பயணக் குமட்டல் அதிகம் வாட்டுவது பள்ளிப் பிள்ளைகளை. இரண்டு வயதுக்குக் கீழே அரிது, ஒன்பது பத்து வயதில் உச்சம், வயதாக ஆகக் குறையும். கர்ப்பிணிகளுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, கண் "சுவர் அசையவில்லையே" என்கிறது. இந்த இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்கு முக்கியக் காரணம் என்று மருத்துவம் விளக்குகிறது.

அதனால்தான் சன்னல் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. கீழ்த்தளத்தில் நடுவில் சன்னலற்ற அறை எடுத்தால் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் கொஞ்சம் ஆடினாலும் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. உச்சித் தளத்துப் பால்கனியில் தொடுவானம் தெரியும், ஆட்டம் கூடுதல். என்னைக் கேட்டால், குமட்டல்காரப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் சன்னல் உள்ள அறைதான் சிறந்தது. பால்கனியில் நின்று படம் எடுக்க முடியாதே என்று அண்ணிக்கு வருத்தம். படம் எடுக்கத்தான் திறந்த தளம் முழுக்க இருக்கிறதே!

பாட்டிக்கும் அம்மாவுக்கும் பிரச்சினை குமட்டல் அல்ல, விழுவதும் தூக்கம் கெடுவதும்தான். பல கப்பல்களில் குளியலறை வாசலில் சிறு தடுப்பு மேடு இருக்கும். நடுராத்திரியில், ஆடும் தரையில், பழகாத இடத்தில் அதில் கால் இடறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கென்று மேடில்லாத வாசலும் கைப்பிடிகளும் கொண்ட அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மின்தூக்கியிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். 335 மீட்டர் கப்பலில் கடைசி அறை என்றால், முழங்கால் வலிக்காரருக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு நடைப்பயணம். அதற்காக மின்தூக்கிக்கு நேர் எதிரே எடுத்தால் விடிய விடியப் பேச்சுச் சத்தம். நாலைந்து அறை தள்ளி இருப்பது நல்லது.

சத்தத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், தொழில் அப்படி. பிரட்டுக்குப் போய்ப் பழகிய எங்கள் பாட்டி இன்றும் ஒன்பது மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவர். அவர் அறைக்குக் கீழே அரங்கமோ கரவோக்கேயோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். மேலே நீச்சல் குளத்தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளைத் தரதரவென்று இழுப்பார்கள். மேலே சமையலறை இருந்தால் தள்ளுவண்டிச் சத்தம். முகப்புப் பக்கம் நங்கூரச் சங்கிலியும், கரையணையும்போது கப்பலைத் திருப்பும் இயந்திரமும் உறுமும். பின்புறம் கீழே உந்துவிசிறியின் அதிர்வு. பக்கத்து அறைக்குக் கதவு உள்ள அறை ஒரே குடும்பத்துக்கு வசதி. அந்நியர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் குறட்டையும் நம்முடையதே. மேலேயும் கீழேயும் பயணிகள் அறைகளே இருக்கும் தளம்தான் பாதுகாப்பு.

இதையெல்லாம் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு கப்பலுக்கும் தளவாரியான வரைபடம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. அறை எண்ணின் முதல் இலக்கம் அல்லது முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தளத்தைக் குறிக்கும். உங்கள் தளத்தை ஒரு தாளில் அச்செடுத்து, மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் பெயரில்லாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடம் பணியாளர் அறையாகவோ சமையலறையாகவோ இருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் போகிறோம். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று நாற்பது பேருக்கு மொத்தமாக முன்பதிவு செய்வார்கள். மிக மலிவான கட்டணத்தில் அறையின் வகை மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதை நிறுவனமே பிறகு ஒதுக்கும். இளைஞர்களுக்கு அது லாபம், தாராளமாக எடுங்கள். பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன்பே அறை எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுத் தலைவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாற்பது பேரில் நாலு பேருக்கு நடு அறை வேண்டும் என்றால் அது பெரிய கோரிக்கையல்ல.

மருந்தும் கைவசம் இருக்கட்டும். டைமென்ஹைட்ரினேட் மாத்திரை மருந்தகத்தில் கிடைக்கும். குமட்டிய பிறகு போடுவதைவிட முன்பே போட்டால்தான் பலன். தூக்கம் வரும். கண் அழுத்தநோய், புரோஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களும், பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் பெற்றோரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டியின் கைப்பையில் கோடாரித் தைலமும் இஞ்சி மிட்டாயும் அசாம் போயும் ஏற்கெனவே ஏறிவிட்டன.

நாங்கள் எடுத்தது மூன்று அறை, ஒரே தளத்தில், கப்பலின் நடுவில். அண்ணன் குடும்பத்துக்கும் பாட்டிக்கும் அம்மாவுக்கும் சன்னல் உள்ளவை. எதிர்ப்பக்கத்தில் எனக்குச் சன்னலற்ற மலிவு அறை. மேலேயும் கீழேயும் அறைகள்தான், மின்தூக்கி ஐந்தாவது கதவு. வரைபடத்தை விரித்துப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நடுவுதானே?" என்று விரலை வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. பாய் எடுத்துட்டு வரணுமா?"