கட்டடங்களின் கதை – 9: கூரையில் ஓடும் கிரேன்

1966-இல் பான் ஆம் விமான நிறுவனம் 25 ஜம்போ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, போயிங்கிடம் விமானமும் தயாராக இல்லை. அதைக் கட்டுவதற்கான தொழிற்சாலையும் இல்லை. 747 என்ற அந்த ஜம்போவின் நீளம் 70 மீட்டருக்கு மேல். இறக்கை விரிவு ஏறக்குறைய 60 மீட்டர். வால், ஆறு மாடி உயரம். நடுவில் தூண் வரிசை நின்றால் வேலையே நடக்காது. அமெரிக்காவின் சியாட்டிலுக்கு வடக்கே, எவரெட்டில் எழுந்த அந்தத் தொழிற்சாலையை எஃகு தாங்கியது.

1967 ஜனவரியில் தொழிலாளர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கட்டட வேலை முடிந்திருக்கவில்லை!

அந்த அவசரத்துக்கு எஃகுதான் பொருத்தம். கான்கிரீட் என்றால் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கலவை போட்டு, அது இறுகும்வரை நாள் கணக்கில் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். எஃகுச் சட்டகத்தில் பாதி வேலை பட்டறையிலேயே முடிந்துவிடும். ஐ பீம், சேனல், ஆங்கிள் எல்லாவற்றையும் அளவுக்கு அறுத்து, துளை போட்டு, குறியெண் எழுதி லாரியில் ஏற்றுவார்கள். கிரேன் பீமைத் தூக்கிப் பிடிக்க, மேலே இருந்து சட்டகத்தைப் பொருத்தும் எரெக்டர் தன் ஸ்பானரின் கூரான வாலைத் துளைக்குள் விட்டு நெம்புவார். இரண்டு துளைகளும் நேராக வந்த கணத்தில் போல்ட் உள்ளே போகும்.

இன்று பல குடோன்கள் பி.இ.பி. (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்) முறையில் எழுகின்றன. பாரம் அதிகமுள்ள இடத்தில் தடிமன், குறைந்த இடத்தில் மெலிவு என்று கணக்காக வெட்டுவதால் எஃகு மிச்சம். வழக்கமான சட்டகத்தில் பீம் முழுவதும் ஒரே தடிமன். எடை கூடும், செலவும் கூடும். ஆனால் அந்தக் கூடுதல் எடைதான் பிற்காலத்துக்கான கையிருப்பு. ஒரு கிரேன், ஒரு மெஸனைன் தளம் (இடைத்தளம்) சேர்க்க வேண்டி வந்தால், பொறியாளர் கணக்குப் பார்த்துத் தேவையான இடத்தில் பிளேட் வைத்து வலுவூட்டலாம். தொழில் வளரும் என்று நம்புகிறவர் இதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

எவரெட்டில் கிரேன்கள் கூரையடித் தண்டவாளங்களில் ஓடி, விமானப் பாகங்களைத் தலைக்கு மேலேயே கொண்டுபோகின்றன. போயிங்கின் 767 விமானம் வந்தபோது தொழிற்சாலையை நீட்டினார்கள். 777 வந்தபோது மறுபடியும். இன்று அதன் கொள்ளளவு சுமார் 1.33 கோடி கன மீட்டர். கொள்ளளவில் உலகிலேயே மிகப் பெரிய கட்டடம் இதுதான்.

எஃகின் எதிரி தீ. அதே 1967 ஜனவரி 16 அன்று சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் கண்காட்சி அரங்கம் எரிந்தது. கூரை எஃகுக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லை. சுமார் 550 டிகிரி செல்சியஸில் எஃகு ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். கூரை சரிந்தது, ஒரு காவலாளி இறந்தார். 1971-இல் அங்கே திறக்கப்பட்ட புதிய அரங்கத்துக்கும் எஃகுக் கூரைதான் போட்டார்கள். எஃகைத் தீயிலிருந்து எப்படிக் காக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)