உள்ளூராட்சி உறுப்பினர் நடத்தை மீதான முறையீடு (இங்கிலாந்து)

உள்ளூராட்சி உறுப்பினர் நடத்தை மீதான முறையீடு என்பது, இங்கிலாந்தில் ஒரு மன்ற உறுப்பினர் தமது மன்றத்தின் நடத்தைக் கோவையை மீறியதாகப் பொதுமக்களோ, ஊழியர்களோ, சக உறுப்பினர்களோ தெரிவிக்கும் முறையீடு ஆகும். குப்பை அகற்றாமை போன்ற சேவைக் குறைபாடுகள் இதில் அடங்கா. அவற்றுக்குத் தனி வழிமுறை உண்டு.

வரலாறு

1994 இல் பிரதமர் ஜான் மேஜர் அமைத்த பொதுவாழ்வு நெறிமுறைக் குழு, நோலன் பிரபுவின் தலைமையில் 1995 இல் ஏழு நெறிகளை வெளியிட்டது. அவை தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பதில் கூறும் பொறுப்பு, வெளிப்படைத்தன்மை, வாய்மை, தலைமைப்பண்பு என்பனவாகும். 2000 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் முறையீடுகளை ஆராய நடுவண் வாரியம் ஒன்றை நிறுவியது. அற்பமான முறையீடுகளுக்கு இது இடமளிப்பதாகக் கூறிய அரசு, 2012 மார்ச்சில் அதைக் கலைத்தது. 2011 ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டப்படி, அப்பொறுப்பு 2012 ஜூலை முதல் மன்றங்களிடமே வந்தது.

நடைமுறை

முறையீடு மன்றத்தின் கண்காணிப்பு அலுவலருக்கு அனுப்பப்படும். சிற்றூர் மன்ற உறுப்பினர் மீதான முறையீட்டையும் அப்பகுதியின் முதன்மை மன்றமே ஏற்கும். நிகழ்ந்த நாள், இடம், சொல்லப்பட்டது அல்லது செய்யப்பட்டது, மீறப்பட்ட விதி, சாட்சிகள் ஆகிய விவரங்கள் தெளிவாக இருத்தல் நன்று. தொடக்க ஆய்வுக்குப் பின் முறையீடு தள்ளப்படலாம், பேசித் தீர்க்கப்படலாம், விசாரணைக்கும் அனுப்பப்படலாம். விசாரிக்கப்பட்ட முறையீட்டின் மீது முடிவெடுக்கும் முன், மன்றத்தைச் சாராத ஒருவரின் கருத்தைக் கேட்பது சட்டக் கட்டாயமாகும்.

பொது நிலையும் தனி வாழ்வும்

உறுப்பினர் என்ற நிலையில் செய்தவற்றுக்கே நடத்தைக் கோவை பொருந்தும். 2005 இல் செய்தியாளர் ஒருவரிடம் கூறிய சொற்களுக்காக இலண்டன் மாநகரத் தலைவர் கென் லிவிங்ஸ்டனுக்கு 2006 இல் நான்கு வாரத் தற்காலிகப் பதவி நீக்கம் விதிக்கப்பட்டது. அப்போது அவர் பதவி நிலையில் பேசவில்லை எனக் கருதிய உயர் நீதிமன்றம், அதே ஆண்டில் அத்தண்டனையை நீக்கியது.

தண்டனைகள்

கண்டனம், பயிற்சிக்கான பரிந்துரை, குழுப் பொறுப்பிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தல் ஆகியவை வழக்கமான நடவடிக்கைகளாகும். 2011 ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களுக்கு உறுப்பினரைத் தற்காலிகமாக நீக்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. இதனால், மிரட்டல் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், பாதிக்கப்பட்ட ஊழியர் அதே உறுப்பினருடன் பணியாற்ற நேரலாம். எனினும், பணம் சார்ந்த நலன்களைத் தக்க காரணமின்றி மறைத்தல் குற்றமாகும். இதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்கலாம். நீதிமன்றம் அபராதத்துடன் ஐந்து ஆண்டுகள் வரை தகுதியிழப்பும் விதிக்கலாம்.

ஆறு மாதம் வரை தற்காலிக நீக்கம் செய்யும் அதிகாரத்தைப் பொதுவாழ்வு நெறிமுறைக் குழு 2019 இல் பரிந்துரைத்தது. 2022 இல் அரசு அதனை ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் புதிய அரசு இது குறித்து மக்கள் கருத்தைக் கோரியது.

பிற பகுதிகள்

வேல்சு, இசுக்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் முறையீடுகளை மன்றங்களுக்கு வெளியேயுள்ள அமைப்புகள் விசாரிக்கின்றன. தற்காலிக நீக்கமும் அங்கு உண்டு.